நகத்தளவு கப்பலும் ஏழுமலையின் கயிறும்

ஏழுமலை வலது கையை முழுநீளத்துக்கு நீட்டி, இடது கண்ணை மூடி, கட்டைவிரல் நகத்தை அடிவானத்தின் மேல் நிறுத்தினான். லைட்ஹவுஸ் குப்பத்துக் கரையில் அன்று காற்றே இல்லை. கடல், தட்டில் ஊற்றிய எண்ணெயாகக் கிடந்தது. பைபர் படகுகளின் நிழலில் வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தவர்கள் ஊசியை நிறுத்திவிட்டு அவன் நகத்தையே பார்த்தார்கள்.

"நகத்துல கால்வாசிகூட தேறல," என்றான். "எண்பதாயிரம் டன்னாம்! பக்கத்துல நிக்குதே, அத்தப் பாரு. அரை நகம். அது கப்பலு. இது இன்னா, சோப்பு டப்பாவா?"

கரை முழுக்கச் சிரித்தது. சிரிக்காதவர்கள் இருவர். ஒருத்தி ஏழுமலையின் மகள் பவானி. இன்னொருவன் நான்.

சோப்பு டப்பா என்று அவன் சொன்னது, பவானிக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளை வேலை பார்க்கும் கப்பலை. பழவேற்காடு ஏரிக்கு அக்கரையிலுள்ள குப்பத்துப் பையன் தினேஷ், நிலக்கரிக் கப்பல் ஒன்றில் மாலுமி. அந்த வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம். அவனுடைய கப்பலும் அந்த வாரமே தெற்கே துறைமுகத்துக்கு வெளியே வந்து, உள்ளே போகும் முறைக்காக நங்கூரமிட்டு நின்றது. கரி இறக்கும் இடத்துக்குள் கப்பல் போனதும் அவன் இறங்கிக் குப்பத்துக்கு வருவதாக ஏற்பாடு. 'நான் வந்துவிட்டேன், கரையிலிருந்தே பார்க்கலாம்' என்று ஆசையாகத் தகவல் அனுப்பியிருந்தான். அனுப்பாமல் இருந்திருக்கலாம்.

ஏழுமலை என் மனைவி தெய்வானையின் தம்பி. இந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்தவள் தெய்வானை. மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடியே, இரு வீட்டாரையும் கைபேசியில் மாற்றி மாற்றி அதட்டி முடித்தாள். அவள் செய்த கடைசி வேலை அது. நிச்சயத்தைப் பார்க்க அவள் இல்லாததால் நான் மட்டும் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு பொன்னேரியில் பேருந்து மாறி வந்திருந்தேன்.

நகக் கணக்கு

இந்தக் குப்பத்தில் கப்பலை நகத்தால் அளக்கிறார்கள். கையை நீட்டி, நகத்தின் அடிப்பகுதியை அடிவானத்தில் பொருத்தி, கப்பலின் உச்சி நகத்தில் எதுவரை ஏறுகிறது என்று பார்ப்பது வழக்கம். கால் நகமென்றால் நிதானமாக வலை இழுக்கலாம். அரை நகமென்றால் ஒருவன் எஞ்சின் பக்கம் போய் உட்கார வேண்டும். முழு நகமென்றால் வலையை அறுத்துவிட்டு ஓட வேண்டும். சின்னப் படகில் இருப்பவனுக்கு இதைவிட உபயோகமான அளவுமுறையை எந்தச் சர்வதேச மாநாடும் கண்டுபிடிக்கவில்லை.

ஆனால் நகம் அளப்பது நீருக்கு மேலே தெரியும் உயரத்தை மட்டும். தினேஷின் கப்பல் வயிறு நிறைய நிலக்கரியோடு கழுத்துவரை அமிழ்ந்து நின்றது. உடம்பில் பெரும்பகுதி நீருக்கு அடியில். மிச்சத்திலும் பாதியை அடிவானம் விழுங்கியிருந்தது. பக்கத்தில் நின்ற அரை நகமோ கார்களை ஏற்றிச் செல்லும் கப்பல். ஜன்னலே இல்லாத பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்று கடலில் மிதப்பதாக நினைத்துக்கொள்ளலாம். அதற்குள் இருப்பது பெரும்பாலும் காற்று.

இதை அங்கேயே சொல்லியிருப்பேன். சொல்ல விடவில்லை.

"படகுல ஏத்தாதவன வூட்ல எப்டி மாமா ஏத்தறது?" என்று கேட்டான் ஏழுமலை. சிரிப்பு அடங்கிவிட்டது.

அந்தக் கேள்வி ஏன் சிரிப்பை அடக்கியது என்று சொல்ல வேண்டும். பழவேற்காடு ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் மணல் ஒரு நாள் இருந்த இடத்தில் மறுநாள் இருப்பதில்லை. படகு உள்ளே நுழையும்போது முன்னால் இருப்பவன் குண்டு கட்டிய கயிற்றை இறக்கி ஆழத்தைக் கூவிக்கொண்டே வருவான். 'மூணு பாகம்... ரெண்டரை பாகம்...' இரு கைகளையும் விரித்தால் ஒரு விரல்நுனியிலிருந்து மறு விரல்நுனிவரை ஒரு பாகம். அவன் கூட்டிச் சொன்னால் படகு தட்டும், எல்லோரும் போவார்கள். ஆகவே அளவில் பொய் சொல்பவனை அங்கே யாரும் படகில் ஏற்றுவதில்லை. பெண்ணும் கொடுப்பதில்லை.

எண்பதாயிரம் டன், இருநூற்று இருபத்தொன்பது மீட்டர் என்று தினேஷ் சொன்னதை ஏழுமலை ஊர் முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டிருந்தான். இப்போது ஊரே நகத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

பவானி கைபேசியை அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். "நைனா, இதுலயே போட்டுக்கீது பாரு. கப்பலு பேரு, நீளம், எல்லாம்."

"போன்ல இன்னா வேணா போடுவாங்கோ. போன்ல நான்கூடதான் செவப்பா கீறேன்."

எந்த டன்?

"மாமா கப்பல் அளக்கற ஆபீசரு. அவரே சொல்லட்டும்," என்றது கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

அது உண்மை. கப்பல் வடிவியல் படித்து, ஓய்வு பெறும்வரை கப்பல்களை அளந்து சான்றளிப்பதே என் தொழில். தெய்வானை போன பிறகு யாரும் என்னிடம் எதையும் கேட்டதில்லை. சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா என்பவை தவிர. இப்போது ஒரு கரை முழுக்க என் துறையில் ஒரு கேள்வியோடு நின்றது. நெஞ்சுக்குள் ஏதோ துள்ளியதை மறைக்க விரும்பவில்லை.

"நீ எந்த டன்னைக் கேட்கிறாய்?" என்று ஆரம்பித்தேன்.

பவானி கண்களை இறுக மூடிக்கொண்டாள். அந்த ஜாடையை நான் கவனித்திருக்க வேண்டும்.

எண்பதாயிரம் என்பது அந்தக் கப்பல் சுமக்கக்கூடிய அளவு. சரக்கு, எண்ணெய், குடிநீர், ஆட்கள் எல்லாம் அதில் அடக்கம். டெட்வெயிட் என்பார்கள். கப்பலின் சொந்த எடையையும் சேர்த்தால் தொண்ணூறாயிரத்தைத் தாண்டும். அது விலக்கித் தள்ளும் கடல்நீரின் எடையும் அதுவே. சரக்கில்லாத வெறுங்கப்பலின் எடை அதில் சிறு பங்குதான். இவை போக, கிராஸ் டன்னேஜ் என்று ஒன்று உண்டு. இந்தக் கப்பலுக்கு அது நாற்பதாயிரத்துச் சொச்சம் இருக்கும். ஆனால் அது எடையே கிடையாது. கப்பலுக்குள் அடைபட்ட மொத்த இடத்தின் கன அளவை லாகரிதச் சூத்திரத்தில் போட்டு எடுக்கும் எண். அதற்கு அலகே கிடையாது. அந்தக் கணக்கில் பார்த்தால் கார்க் கப்பல்தான் பெரியது. சுமக்கும் கணக்கில் நிலக்கரிக் கப்பலுக்கு அது கால்வாசி.

இத்தனையையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

"இருங்கோ, இருங்கோ," என்றான் ஏழுமலை. "அரை நகம் கம்மியா சொமக்குது. கால் நகம் ஜாஸ்தியா சொமக்குது. ஆனா பெரிசு அரை நகம். சின்னதும் அதே அரை நகம். எடையில்லாத டன்னு வேற ஒண்ணு கீது. மாமா, ராத்திரி சரியா தூங்குனீங்கோளா?"

"ஒரு கப்பலுக்கு நாலு எடையா!" என்றார் வலை தைத்துக்கொண்டிருந்த ஒருவர். "மீன் ஏலத்துல இப்டி சொன்னா தராசையே புடுங்கி மண்டைல போடுவாங்கோ."

ஏழுமலையின் மனைவி கன்னியம்மா என் கையைப் பிடிக்காத குறையாக, "அண்ணா, வெயில்ல நின்னது போதும், உள்ள வாங்கோ," என்றாள். என் நாற்பதாண்டுத் தொழிலறிவு, கிழவனுக்கு வெயில் ஏறிவிட்டது என்ற தீர்ப்போடு முடிந்தது.

பாதகமும் செய்திருந்தேன். 'நாலு கணக்கு இருந்தால் அதில் ஏதோ கோல்மால் இருக்கிறது' என்று ஏழுமலை தீர்மானித்துவிட்டான்.

"டன்னு கின்னு எனக்கு வேணாம். நீளம் சொல்லிக்கீறான் இல்ல? என் கயிறு அளக்கட்டும். ஒரு பாகம் கொறஞ்சாலும் வெள்ளிக்கிழம தட்டு மாத்தமாட்டேன். இது எல்லாரும் கேட்டுக்கோங்கோ."

எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். அந்தக் கரையில் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க முடியாது.

பீப்பாய்கள்

இடையில் கொஞ்சம் விலகிச் செல்ல வாசகர்கள் அனுமதிக்க வேண்டும்.

இந்த டன் குழப்பத்துக்கு ஏழுமலையைக் குறை சொல்ல முடியாது. குழப்பம் மது குடித்தவர்களிடமிருந்து வந்தது. அந்தக் காலத்து ஐரோப்பாவில் ஒரு கப்பல் எத்தனை மதுப் பீப்பாய் கொள்ளும் என்று எண்ணி, அதற்கேற்ப வரி போட்டார்கள். அந்தப் பெரிய பீப்பாயின் பெயர்தான் டன். பீப்பாய் இடத்தையும் அடைக்கும், கனக்கவும் செய்யும். ஆகவே இடத்துக்கு ஒரு டன், கனத்துக்கு ஒரு டன் என்று பிள்ளைகள் இரண்டாகப் பிரிந்து, பாகப்பிரிவினை இன்றுவரை முடியவில்லை.

பழவேற்காட்டில் கோட்டை கட்டிய டச்சுக்காரர்களிடம் 'லாஸ்ட்' என்று வேறோர் அளவு இருந்தது. அவர்கள் ஊர்ப்பக்கம் ஒரு நீரிணையில் கப்பலின் மேல்தள அகலத்தைப் பார்த்துச் சுங்கம் போட்டார்களாம். உடனே மேலே ஒடுங்கி, கீழே வயிறு பருத்த கப்பல்களைக் கட்டினார்கள் என்று சொல்வதுண்டு. வரிக்காரன் மேலே அளந்தான். வியாபாரி கீழே ஏற்றினான். மனிதன் எதைக் கொண்டு அளந்தாலும் கப்பல் அதற்குத் தக்கபடி உடம்பை மாற்றிக்கொள்ளும். இதை எண்ணி நான் பலமுறை தனியாகச் சிரித்திருக்கிறேன்.

தனியாக என்று சொல்வது சரியல்ல. மணமான புதிதில், ஒரு கப்பலின் அடிவயிற்றுக்குள் நாடாவோடு தவழ்ந்து அளந்துவிட்டு, துருவும் எண்ணெயும் அப்பிய சட்டையோடு வீடு திரும்பினேன். எவ்வளவு பெரிய கப்பல் என்று தெய்வானை கேட்டாள். இரண்டு தசம இடங்கள்வரை சொன்னேன். "அத்த வுடுங்கோ. எத்தினி பேரு கால நீட்டிப் படுக்கலாம்?" என்றாள். அன்றிரவு உட்கார்ந்து அதையும் கணக்கிட்டுச் சொன்னேன். திருப்தியாகத் தலையாட்டிவிட்டு விளக்கை அணைத்தாள்.

படகில் மூவர்

மறுநாள் காலை எட்டு மணி வாக்கில் கிளம்பினோம். எஞ்சினுக்கு ஏழுமலை. கயிறு விடுவதற்கு நான்; 'ஆபீசர் கையால வுட்டா அப்புறம் யாரும் பேசமாட்டாங்கோ' என்பது அவன் வாதம். மூன்றாவதாகப் பவானி, அழைக்காமலே ஏறி, மிதவைச் சட்டையும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பொம்பளைங்கோ இந்தப் படகுல ஏறக்கூடாது. எறங்கு."

"மீனு புடிக்கப் போனாதான் ஏறக்கூடாது. மாப்ள புடிக்கதான போறோம். குந்து நைனா."

கன்னியம்மா கரையிலிருந்து, "நல்லா அளந்துட்டு வாங்கோ. அப்டியே மாப்ள இடுப்பையும் அளந்துட்டு வந்தா வேட்டி எடுக்கலாம்," என்று கத்தினாள். ஏழுமலை எஞ்சினை உயிர்ப்பித்தான். பெட்ரோல் வாடையும் கருவாட்டு வாடையும் பின்தங்கின. உதட்டில் உப்பு படிந்தது. படகு ஒவ்வொரு அலையிலும் ஒருமுறை தாவி அமர்ந்தது. என் முதுகெலும்பும் அவ்வாறே. எழுபதைத் தாண்டியவன் செய்யத் தகாத காரியம் இது என்று நினைத்தேன். நினைத்தபடியே சிரித்துக்கொண்டிருந்தேன் போலும். "இன்னா மாமா, ஒரே ஜாலியா கீறீங்கோ?" என்றாள் பவானி. முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

கால் நகம் அரை நகமாயிற்று. அரை நகம் முழு நகம். பிறகு நகம், விரல், கை எதற்கும் அடங்கவில்லை. கறுப்பும் சிவப்புமாக ஓர் இரும்புச் சுவர் கடலிலிருந்து எழுந்து, இடமும் வலமும் நீண்டுகொண்டே போயிற்று. எஞ்சின் சத்தம் அதில் மோதி எங்களிடமே திரும்பி வந்தது. நிழலுக்குள் நுழைந்தபோது உடம்பு சட்டெனக் குளிர்ந்தது.

ஏழுமலை தலையை நிமிர்த்தினான். இன்னும் நிமிர்த்தினான். தலைத்துண்டு பின்னால் நழுவி விழுந்ததை அவன் கவனிக்கவில்லை.

"இதுவா?" என்றான். குரல் பாதியாக இருந்தது.

"இதுதான்," என்றேன். "தண்ணீருக்குக் கீழே இன்னும் பதினாலு மீட்டர் இருக்கிறது." முகப்பில் வெள்ளை எண்களால் எழுதியிருந்ததைக் காட்டினேன்.

"எட்டு பாகம் தண்ணிக்கு உள்ளயா?" நெஞ்சைத் தடவிக்கொண்டான். சோப்பு டப்பா என்ற சொல் அதன் பின் வரவில்லை.

ஆனால் கரையில் சொன்ன சொல் கரையிலேயே நின்றது. கயிறு அளந்தாக வேண்டும்.

கயிறு

ஏற்பாடு எளிமையானது. கயிற்றின் ஒரு நுனியில் வலையில் கட்டும் மிதவையைக் கட்டி, கப்பலின் ஒரு முனைக்கு நேரே நீரில் போட வேண்டும். கப்பலோடு இணையாகப் படகை ஓட்டிக்கொண்டே கயிற்றை விட வேண்டும். மறுமுனைக்கு நேரே வந்ததும் கயிற்றில் முடிச்சுப் போட்டு, இழுத்து, பாகம் பாகமாக எண்ண வேண்டும்.

மிதவையோடு ஒரு கல்லையும் கட்டித் தரையில் இறக்கிவிடலாம், அப்போது மிதவை நகராது என்று யோசனை சொன்னேன். "அதெல்லாம் வேணாம்," என்றான் ஏழுமலை. முகப்பிலிருந்து தொடங்கலாம் என்றேன். "பின்னாலேர்ந்து," என்றான். படகைக் கப்பலின் பின்பக்கம் திருப்பிவிட்டான்.

மிதவை விழுந்தது. நான் கயிற்றை விடத் தொடங்கினேன். ஈரக் கயிறு உள்ளங்கையில் சூடாக ஓடியது. பாதி வழியில் மேலே ஒரு விசில். ஆரஞ்சுச் சட்டைக்காரர்கள் சிலர் கம்பியோரம் ஓடி வந்து, விலகிப் போகும்படி இரு கைகளையும் வீசினார்கள். அவர்களில் ஒருவன் திடீரென்று கை வீசுவதை நிறுத்தினான். பவானியின் கைபேசி ஒலித்தது. அவள் ஒலிபெருக்கியை அழுத்தினாள்.

"பவானி! நீயா அது? ஐயோ, இங்க வலை போடக்கூடாது, கேப்டன் மேல நின்னுகினு பைனாகுலர்ல பாக்கறாரு!"

"வலை போடல. உன் கப்பல அளக்கறாங்கோ."

"யாரு?"

"எங்க நைனாவும் மாமாவும்."

மேலே தினேஷ் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தான். பிறகு, "கேப்டன்கிட்ட நானு இன்னான்னு சொல்றது?" என்றது அந்தக் குரல், அழாத குறையாக.

நான் சிரித்துவிட்டேன். நிறுத்த முடியவில்லை. கயிறு கையில் ஓடிக்கொண்டிருக்க, கண்ணில் நீர் வரச் சிரித்தேன். பவானிக்கும் தொற்றிக்கொண்டது. மேலே, கம்பியோரம் நின்ற அந்த ஆரஞ்சுப் புள்ளியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிவது தெரிந்தது.

ஏழுமலை மட்டும் சிரிக்காமல், கண்ணைக் கப்பலின் முகப்பில் வைத்துப் படகை ஓட்டினான். முகப்பு நேருக்கு வந்ததும், "முடிச்சி போடுங்கோ மாமா," என்றான். போட்டேன். கப்பலைவிட்டு நன்றாக விலகி வந்து எஞ்சினை அணைத்தான். எழுந்து நின்று, கைகளை விரித்து விரித்துக் கயிற்றை இழுக்க, பவானி உரக்க எண்ணினாள். அவனுடைய பாகம் ஒரு மீட்டர் எழுபது என்று முந்தின நாளே அளந்து வைத்திருந்தேன். தினேஷ் சொன்ன நீளம் அந்தக் கணக்கில் நூற்று முப்பத்தைந்து பாகத்துக்குச் சற்றுக் குறைவு.

நூற்று முப்பதில் பவானியின் குரல் மங்கியது. நூற்று முப்பத்தைந்தில் நின்றே போயிற்று. கயிறு நிற்கவில்லை. ஏழுமலை தானே எண்ணிக்கொண்டு போனான். மிதவை படகின் விளிம்பில் வந்து தட்டியபோது நூற்று நாற்பத்தாறு.

"பதினோரு பாகம் ஜாஸ்தி!" பவானி மிதவையைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

நான் வாயைத் திறந்தேன். நங்கூரமிட்ட கப்பல் நீரோட்டத்தை எதிர்த்தே முகம் திருப்பி நிற்கும். பின்பக்கம் போட்ட மிதவையை நீரோட்டம் இன்னும் பின்னால் இழுத்துப் போயிருக்கும். ஆகவே கயிறு கூடுதலாகத்தான் வரும். முகப்பிலிருந்து தொடங்கியிருந்தால் குறைந்திருக்கும். பிழையின் அளவைக்கூடச் சொல்லத் தயாராக இருந்தேன்.

"ஏழுமலை, இதில் ஒரு திருத்தம்..."

அவன் கயிற்றைச் சுருட்டும் சாக்கில் என் காதருகே குனிந்தான். "தண்ணி எந்தப் பக்கம் இழுக்குதுன்னு எனக்குத் தெரியாதா மாமா? முப்பது வருசமா இதுல வலை வுடறேன். நீங்கோதான் ரிட்டயர்டு ஆயிட்டீங்கோ இல்ல. கம்முனு வாங்கோ."

பிறகு நிமிர்ந்து, மகளின் கையிலிருந்த கைபேசியை நோக்கி, ஊருக்கே கேட்கும் குரலில் கூவினான். "மாப்ளே! இன்னாத்துக்கு இத்தினி கொறச்சி சொன்னே? வாயத் தொறந்து பெருமையா சொல்றதில்லயா?"

இதுவரை 'பையன்', 'அவன்' என்று மட்டுமே வந்த வாயிலிருந்து முதல்முறையாக வந்த 'மாப்ளே' அது. பவானி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கப்பலின் மேலே ஆரஞ்சுப் புள்ளி இரு கைகளையும் தலைக்கு மேல் கூப்பியது.

வெள்ளிக்கிழமை

கரையேறும்போது நூற்று நாற்பத்தாறு. கருவாட்டுப் பந்தலைத் தாண்டும்போது நூற்றைம்பது. சாயங்காலம் தேநீர்க் கடையில் கேட்டபோது கப்பல் இருநூறு பாகத்தைத் தொட்டிருந்தது. என்னிடம் யாராவது கேட்டால் 'ஆமாம், பெரிய கப்பல்தான்' என்று மட்டும் சொன்னேன்.

தினேஷ் வந்தான். மேலே புள்ளியாக இருந்தவன் நேரில் என்னைவிடக் குள்ளம். வந்ததும் வராததுமாக என் பக்கத்தில் அமர்ந்து, "பெரியப்பா, எங்க கப்பலு நெஜமாவே அவ்ளோ நீளமா? சர்டிபிகேட்ல கம்மியா போட்டுக்கீதே," என்று கவலையோடு கேட்டான். அளவில் பொய் தாங்காத பையன். தெய்வானை சரியாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறாள். "சர்டிபிகேட் சரி. நீயும் சரி. மாமனாரிடம் இப்போது கேட்காதே," என்றேன்.

தட்டு மாற்றும் நேரம் வந்தது. அந்தக் குப்பத்தில், சம்பந்தம் பேசி முடித்தவர்தான் பெண் வீட்டுத் தட்டைத் தன் துணையோடு சேர்ந்து பிடித்துக் கொடுக்க வேண்டும். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், பழம், புடவை அடுக்கிய பித்தளைத் தட்டை கன்னியம்மா என் கையில் வைத்தாள். "அண்ணி பேசுன சம்பந்தம். நீங்கோ குடுங்கோ அண்ணா," என்றாள்.

எழுந்து நின்றேன். தட்டு அகலமானது. இரண்டு பேர் பிடிப்பதற்கென்றே செய்தது. வலது பக்கத்தை நான் பிடித்திருக்க, இடது பக்கம் தாழ்ந்தது. ஒரு பாக்கு உருண்டு விளிம்புக்கு வந்தது.

ஏழுமலை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். புது வேட்டியின் நுனியை இடுப்பில் செருகினான். என் இடது பக்கம் வந்து நின்று, இரண்டு கைகளாலும் தட்டின் மறு ஓரத்தைப் பிடித்துத் தூக்கினான்.

"அக்காவுக்குப் பதிலா நானு புடிக்கிறேன்," என்றான். "நடங்கோ மாமா."

நடந்தோம்.